திரும்புவதற்கு எத்தனை நொடி?

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட மண்டபம் ஒன்றில், சாலைப் பாதுகாப்பு குறித்துப் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



தோட்டத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். பின்வரிசையில் கைத்தொலைபேசியை மடியில் மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களுக்குத் தனி வணக்கம். கேமரா உங்கள் பக்கமும் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் வேகத்தைப் பற்றியும் குடிபோதையைப் பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு சமிக்ஞை விளக்கு. சந்திப்பில் வாகனங்கள் பாதுகாப்பாகத் திரும்ப அந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதுதான் கேள்வி. மண்டபத்துக்குள் நுழையும்போதே ஓர் ஐயா என்னைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, தேயிலைக்காட்டுக்கு வந்து சிக்னல் லைட்டைப் பத்திப் பேசப் போறியா? எங்க தோட்டத்து முச்சந்தியில விளக்குக் கம்பமே இல்லையே!" என்றார்.

ஐயா, அதனால்தான் பேச வந்தேன். விளக்கு இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் நமக்காக நொடிகளைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். விளக்கு இல்லாத இடத்தில் அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், நம் முச்சந்திக்கு என்ன தேவை என்று கேட்கவும் நமக்கு வாய் வரும்.

சித்தப்பாவின் இடது கால்

நானும் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். எனக்கு அப்போது பதினொரு வயது. என் சித்தப்பா பட்டணத்தில் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்தார். தோட்டத்துச் சாலைக்குள் நுழைய, பெரிய சாலையிலிருந்து வலது பக்கம் திரும்ப வேண்டும். எதிரே வளைவு. விளக்குப் போட்டு, சாலை நடுவில் நின்று, எதிரில் வாகனம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை சித்தப்பா திரும்பிவிட்டார். வளைவுக்கு அப்பால் இறக்கத்தில் காய்கறி லாரி வந்துகொண்டிருந்தது.

உயிர் பிழைத்தார். ஆனால் இன்றைக்கும் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். வலது பக்கம் திரும்பும்போது எதிரே வரும் வாகனத்துக்கு நாம் காட்டுவது நம் இடது பக்கத்தைத்தானே!

வீட்டில் பல வருடங்கள் யார் குற்றம் என்றே பேச்சு. லாரிக்காரன் வேகமாக வந்தான் என்றார் தாத்தா. இவன்தான் அவசரப்பட்டான் என்றார் பாட்டி. சித்தப்பா மட்டும் ஒன்றே ஒன்று சொல்வார். "லாரி என்னை அடிச்சது அப்புறம். முதல்ல என்னைத் தள்ளினது அந்த ஹாரன்தான்."

இந்த உரைக்காகத் தயார் செய்யும்போதுதான் அந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வளைவுக்கு முன்னால் நமக்குத் தெரியும் தூரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாகனம் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து நம்மை வந்தடைய 3 நொடி. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, எதிர்த்தடத்தைக் குறுக்கே கடந்து முடிக்க, சுமார் 4 நொடி இடைவெளி வேண்டும் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பாரம் ஏற்றிய லாரிக்கு அதற்கும் மேல்.

தேவை 4, கிடைத்தது 3. சித்தப்பா எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் அந்த ஒரு நொடியை அவரால் உண்டாக்கியிருக்க முடியாது.

தொலைக்காட்சியில் எங்களுக்கு நொடிதான் பிழைப்பு. விளம்பரத்துக்குப் போக 5 நொடி, திரும்பி வர 3 நொடி என்று காதில் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நொடி தவறினால் திரை கறுப்பாகிவிடும், திட்டு விழும், அவ்வளவுதான். சாலையில் ஒரு நொடி தவறினால் ஒரு குடும்பத்தின் கதையே மாறிவிடுகிறது.

இடமா, வலமா?

சந்திப்பு விபத்துகளைப் பற்றி இணையத்தில் தேடினால், 'இடது பக்கம் திரும்புவதுதான் ஆபத்து' என்று வரும். குழம்பிவிடாதீர்கள். அது அமெரிக்கர்கள் எழுதியது. அவர்கள் சாலையின் வலது பக்கத்தில் ஓட்டுகிறவர்கள். அவர்களுக்கு இடது எதுவோ, நமக்கு வலது அதுதான். எதிரே வரும் வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் திருப்பம்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சந்திப்பு விபத்துகளில் 22 விழுக்காடு இப்படிக் குறுக்கே திரும்பும்போது நேர்ந்தவை. எதிர்வரிசையைத் தொடாமல் ஓரமாகத் திரும்பும்போது நேர்ந்தவை ஏறக்குறைய 1 விழுக்காடுதான். அங்கே யுபிஎஸ் என்ற பெரிய பொட்டல விநியோக நிறுவனம், முடிந்த இடமெல்லாம் குறுக்கே திரும்பாத வழியையே தன் ஓட்டுநர்களுக்கு வகுத்துக் கொடுக்கிறது. கொஞ்சம் சுற்றிப் போனாலும் காத்திருக்கும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகிறதாம்.

அமெரிக்கா தூரம். நம்மைப் போலவே இடது பக்கம் ஓட்டும் சிங்கப்பூருக்கு வருவோம். 2018 ஏப்ரலில் கிளமெண்டி வட்டாரச் சந்திப்பு ஒன்றில் ஒரு டாக்சி வலது பக்கம் திரும்பியது. பச்சை விளக்குதான். ஆனால் அது எதிரே வருபவர்களுக்கும் பச்சை. 'இடைவெளி பார்த்து நீயே திரும்பிக்கொள்' என்ற வகைச் சந்திப்பு. நேரே வந்த கார் மோதி, டாக்சியில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். ஓட்டுநர்கள் மீது வழக்கு நடந்தது. ஆனால் அரசாங்கம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்திப்புகளில் வலது திருப்பத்துக்கென்று சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி விளக்குகளைப் பொருத்தப்போவதாக அதே ஆண்டு அறிவித்தது. ஓட்டுநரைத் தண்டிப்பது ஒரு வேலை. அடுத்த ஓட்டுநருக்கு அந்தச் சிக்கலே வராமல் செய்வது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் நாம் கேட்க மறந்துவிடுகிறோம்.

விளக்குக்குள் இருக்கும் கணக்கு

வலது திருப்பத்தை விளக்கு மூன்று விதமாகக் கையாளலாம்.

முதலாவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பச்சை, திரும்புகிறவர் இடைவெளி பார்த்துத் திரும்ப வேண்டும். வாகனம் குறைந்த இடத்தில் இது நேரத்தை மிச்சப்படுத்தும். எதிர்ச்சாலை சரியாகத் தெரியாத இடத்தில் இது சூதாட்டம்.

இரண்டாவது, திரும்புகிறவருக்குத் தனி அம்புக்குறி. அவர் திரும்பும்போது எதிர்வரிசைக்குச் சிவப்பு. பாதுகாப்பு அதிகம். ஆனால் திரும்புகிறவர்கள் ஒதுங்கி நிற்கத் தனித் தடம் வேண்டும்.

மூன்றாவது, நம் நாட்டில் பல சந்திப்புகளில் நாம் பார்ப்பது. ஒரு பக்கத்துக்கு முழுப் பச்சை, மற்ற எல்லாப் பக்கமும் சிவப்பு. நேரே போகிறவர், இடம் திரும்புகிறவர், வலம் திரும்புகிறவர் எல்லாரும் அந்தப் பச்சையிலேயே போய்விடலாம். மலைப்பாதைக்கு இதுதான் பெரும்பாலும் ஒத்துவரும். ஏனென்றால் ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். தனித் தடத்துக்கு நிலம் எங்கே? தடம் ஒன்றுதான் என்னும்போது, வலம் திரும்ப ஒரே ஒரு கார் நின்றாலும் அதன் பின்னால் ஊரே நிற்கிறது. பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பச்சை எத்தனை நொடி எரிய வேண்டும்? பச்சை விழுந்ததும் முதல் ஆள் விழித்துக்கொண்டு கிளம்ப ஏறத்தாழ 2 நொடி வீணாகும். அப்புறம் 2 நொடிக்கு ஒரு கார் வீதம் போகும். ஐந்து கார் திரும்ப வேண்டுமென்றால் 12 நொடி. ஒரு சுற்று 90 நொடி என்றால் மணிக்கு 40 சுற்று. அந்த 12 நொடியில் மணிக்கு 200 கார்கள் ஆபத்தில்லாமல் திரும்பிவிடும். இதெல்லாம் சமதரைக் கணக்கு. ஏற்றத்தில் நின்று கிளம்பும் காய்கறி லாரிக்கு இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

"அப்படியானால் எல்லாருக்கும் ஒரு நிமிடம் பச்சை கொடுத்துவிடலாமே?" என்று கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் பச்சை என்றால் மற்ற பக்கத்துக்காரருக்கு அந்த நேரமெல்லாம் சிவப்பு. ஆளில்லாத சாலைக்குப் பச்சை எரிந்துகொண்டிருக்கும். நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனாலும் தொல்லை. விளக்கு மாறும் ஒவ்வொரு தடவையும் சில நொடிகள் யாருக்கும் பயனில்லாமல் கழிகின்றன. இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிக்க, பிரிட்டனில் வெப்ஸ்டர் என்பவர் 1958இலேயே ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். நம் பொதுப்பணித் துறையும் சமிக்ஞை விளக்கு அமைப்பதற்கென்று 1987இல் ஒரு தொழில்நுட்ப வழிகாட்டி வெளியிட்டது. ஆக, அந்த விளக்கு ஏனோதானோ என்று எரிவதில்லை. வாகனங்களை எண்ணிப் பார்த்து, யாரோ ஒருவர் கணக்குப் போட்டு வைத்த நேரம் அது.

எண்ணியது எப்போது என்பதுதான் இங்கே முக்கியம். கேமரன் மலையின் செவ்வாய்க்கிழமை வேறு, சனிக்கிழமை வேறு. சாதாரண நாளில் விடியற்காலையில் தோட்ட லாரியும் பள்ளிப் பேருந்தும்தான் கூட்டம். விடுமுறை நாளில் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் கார்கள் ஏறி வருகின்றன. செவ்வாய்க்கிழமை எண்ணிய கணக்கைச் சனிக்கிழமைக்கும் வைத்தால் விளக்கு இருந்தும் பயனில்லை. கடிகாரத்தோடு நாட்காட்டியும் பார்க்கத் தெரிந்த விளக்கு வேண்டும். அது இன்றைக்கு ஒன்றும் பெரிய வித்தையல்ல.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிமார்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. சில சந்திப்புகளில் நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் தாரை அறுத்தது போல் சதுரக் கோடு தெரியும். உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது. மேலே நிற்கும் உலோகத்தை உணர்ந்து, ஆள் காத்திருப்பதாக விளக்குக்குச் சொல்லும். சிறிய மோட்டார் சைக்கிளைச் சில நேரம் அது உணராது. ஓரமாக நிற்காமல், அந்த அறுத்த கோட்டின் மேலேயே நிறுத்திப் பாருங்கள்.

இறக்கத்தில் மஞ்சள்

மஞ்சள் விளக்கு என்றால் நம்மில் பலருக்கு 'இன்னும் வேகமாக மிதி' என்று அர்த்தம். உண்மையில் அதன் வேலை வேறு. நிறுத்த முடிகிறவர் நிறுத்த வேண்டும், நிறுத்த முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டவர் பத்திரமாகப் போய்விட வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் சமதரையில் அதற்கு ஏறத்தாழ 3.3 நொடி மஞ்சள் தேவை. அதே வேகத்தில் 100 மீட்டருக்கு 8 மீட்டர் இறங்கும் சரிவில் வருகிறீர்கள் என்றால் சுமார் 4.1 நொடி தேவை. இறக்கத்தில் பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே கேட்பதில்லை, நமக்கெல்லாம் தெரியும். கீழே சமவெளியில் வைத்த மஞ்சளை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால், ஒழுங்காக வருகிறவரும் சிவப்பில் போய் நிற்பார்.

மஞ்சளுக்குப் பிறகு ஒன்றிரண்டு நொடி எல்லாப் பக்கமும் சிவப்பாக இருக்கும். விளக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். கெடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட கடைசி வாகனம் வெளியேறுவதற்காகக் கொடுத்த நேரம் அது. அடுத்தவருடைய நொடியை நாம் திருடக் கூடாது.

இந்த மஞ்சள் நேரத்தைப் பற்றி ஒரு நிஜக் கதை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்ற சுவீடன் நாட்டுக்காரர் வசித்தார். 2013இல் அவர் மனைவிக்குச் சிவப்பு விளக்குக் கேமராவிலிருந்து சம்மன் வந்தது. நாமாக இருந்தால் புலம்பிக்கொண்டே பணத்தைக் கட்டியிருப்போம், அல்லது தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருப்போம். இவர் மஞ்சள் எத்தனை நொடி என்று அளக்க ஆரம்பித்தார். 1960ஆம் ஆண்டுச் சூத்திரத்தைத் தேடிப் படித்தார். அது நேரே போகிற வாகனத்துக்குப் போட்ட கணக்கு. திரும்புகிற வாகனம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவதால் அதற்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை என்று காட்டினார்.

பதிலுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? உரிமம் இல்லாமல் பொறியாளர் வேலை பார்த்ததாக 500 டாலர் அபராதம்! அவர் விடவில்லை. நீதிமன்றம் போனார். 2018 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்தப் பழைய சூத்திரத்தை எழுதிய மூவரில் ஒருவரான விஞ்ஞானி மாரடூடினே அவருக்கு ஆதரவாக நின்றார். 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் தொழில்முறைக் கழகம் தன் வழிகாட்டியில் திரும்பும் வாகனங்களுக்கான கணக்கையும் சேர்த்துக்கொண்டது. ஒரு சாதாரண மனிதர், ஒரு சந்திப்பு, ஒரு கேள்வி. அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு தோட்டத்து முச்சந்தியிலும் சிக்னல் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாகனம் குறைவான இடத்தில் விளக்கு வைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். வளைவைத் தாண்டியதும் திடீரென்று சிவப்பு விழுந்தால் பின்னால் வருகிறவர் முதுகில் மோதுவார். சில இடங்களில் வளைவோரப் புதரை வெட்டினாலே போதும். 50 மீட்டர் தெரிந்த இடத்தில் 80 மீட்டர் தெரிந்தால், மூன்று நொடி ஏறத்தாழ ஐந்து நொடியாகிவிடும். குவிகண்ணாடி வைக்கலாம். நிலம் கிடைத்தால், திரும்புகிறவர் ஒதுங்கி நிற்க ஒரு வண்டி அளவுக்காவது இடம் அகலப்படுத்தலாம். எது தேவை என்பதைப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அவரை வரவழைப்பது நம் வேலை.

எப்படி வரவழைப்பது? 'எங்கள் சந்திப்பு ஆபத்தானது' என்று மொட்டையாக எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்த் தூங்கும். எண்களோடு எழுதுங்கள். இந்தத் தம்பிமார்கள் நான்கு பேர் ஒரு சாதாரண நாளும் ஒரு சனிக்கிழமையும் முச்சந்தியில் பாதுகாப்பாக ஒதுங்கி உட்கார்ந்து எண்ணட்டும். 15 நிமிடத்துக்கு எத்தனை வாகனம் வலம் திரும்புகிறது, அதில் எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை லாரி? திரும்ப எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? வளைவில் எவ்வளவு தூரம் தெரிகிறது? ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தாப்பாவிலிருந்து ரிங்லெட், தானா ராத்தா வழியாக வரும் 59ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அதற்குப் பொதுப்பணித் துறையிடம் போக வேண்டும். ஊருக்குள் இருக்கும் சாலைக்கு மாவட்ட மன்றம். தமிழில் பேசி, மலாயில் எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2016இல் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 7,152 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் இப்படி இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மோட்டார் சைக்கிள்தான். அதனால் இது வேறு யாருடைய கணக்கோ அல்ல.

கடைசியாக ஒன்று. விளக்கு வரும்வரை, முன்னால் ஒருவர் வலம் திரும்பக் காத்திருந்தால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நானும் அடித்திருக்கிறேன். படப்பிடிப்புக்கு நேரமாகிவிட்டது என்று, முன்னால் நின்ற ஒரு வயதானவரைப் பார்த்து அடித்தேன். அவர் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்திப் பொறு என்று காட்டினார். அடுத்த கணம் எதிரே ஒரு பேருந்து வந்து கடந்து போனது. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

போன மாதம் சித்தப்பாவிடம் இந்த நொடிக் கணக்கைச் சொன்னேன். தேவை 4, கிடைத்தது 3 என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப என் மேல தப்பு இல்லையா?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அவர் மனதில் இருந்த கேள்வி அது.

உங்கள் முச்சந்தியில் இன்னொருவர் அந்தக் கேள்வியோடு வாழ வேண்டாம். நாளைக்கே எண்ணத் தொடங்குங்கள்.